பாஃபோஸ் மரத்தில் ஒரு மஞ்சள் முடிச்சு

நான் சைப்பிரஸுக்கு வீட்டு வேலைக்குப் போனவள் என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் றப்பர் தோட்டத்தில் உட்கார்ந்து நான் அளந்துவிடும் கதைகள் அப்படி. "நீ சட்டி கழுவப் போனியா, கோயில் சுத்தப் போனியா?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்பாள். இரண்டுக்கும்தான் போனேன், அதற்கு என்ன இப்போது?

என் மேடத்துக்கு வயது அறுபதுக்கு மேல். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலி வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. ரொட்டியும் சீஸும் கட்டிக்கொண்டு, என்னையும் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடலோரத்தில் எங்கே இடிந்த சுவர் இருந்தாலும் அங்கே போய் நிற்போம். எனக்கு எரிச்சலாக வரும். முழுசாக ஒரு கட்டடம்கூடக் கிடையாது. "ஏன் மேடம், இதையெல்லாம் ரிப்பேர் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது கொஞ்சம் இங்கிலீஷ், அதைவிடக் கொஞ்சம் கிரேக்கம், மீதியெல்லாம் கை ஜாடை.

பாஃபோஸ் என்ற ஊரில் ஒரு மொட்டைத் தூண் இருக்கிறது. கிறிஸ்தவம் பரவத் தொடங்கிய காலத்தில் ஒரு பிரசங்கியாரை அதில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்களாம். அடி வாங்கியவர் சாமி என்றால் தூணும் சாமிதானே! செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் நாலைந்து வெள்ளைக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவந்த கைடுக்கு வந்ததே கோபம்! மேடம் சிரிப்பை அடக்கமுடியாமல் காருக்குள் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொரு நாள் அதே ஊரில் பாறையைக் குடைந்து கட்டிய இடம் ஒன்றுக்குப் போனோம். முற்றம், தூண், அறை என்று வீடு மாதிரியே இருந்தது. உள்ளே நல்ல குளிர்ச்சி. சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டியைத் தின்று முடித்த பிறகுதான் அது கல்லறை என்று மேடம் சொன்னார். அட கடவுளே! பிணம் வைத்த இடத்தில் உட்கார்ந்து தின்றவள் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது? வீட்டுக்கு வந்ததும், தலைக்குக் குளிக்காமல் அடுப்பைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். "அவங்க செத்து இரண்டாயிரம் வருஷம் ஆச்சு!" என்று மேடம் கத்தினார். "தீட்டுக்கு என்ன மேடம் வருஷக் கணக்கு?" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று இரவுச் சாப்பாடு ரொம்பத் தாமதம்.

லார்னகாவில்தான் விஷயம் வேறு மாதிரி ஆனது. அங்கே ஒரு பழைய கோயிலுக்கு அடியில் ஒரு கல்லறை. செத்துப் புதைத்த பிறகு ஆண்டவர் எழுப்பிக் கூட்டிவந்த மனிதர், பிற்பாடு இந்த ஊருக்கு வந்து வாழ்ந்து மறுபடியும் செத்தாராம். "பாவம், ரெண்டு தடவை சாகணும்னு தலையெழுத்து" என்று நான் கேலி பண்ணினேன். மேடம் சிரிக்கவில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு கல்தரையில் மண்டியிட்டுக் கிடந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு போட்டோவைக் காட்டினார். பட்டாளத்து உடுப்பில் ஒரு பையன். அவருடைய ஒரே மகன். இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும், அந்த ஊர்ச் சண்டையில் காணாமல் போனவன். செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

நான் என் கதையைச் சொன்னேன். என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். ரோட்டுச் சோதனையில் ஐடென்டி காட் இல்லை, தமிழன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை நடக்கிற வடக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத பயல். வழக்கும் கிடையாது, விடுதலையும் கிடையாது. அவனுக்கு வக்கீல் வைக்கத்தான் நான் கடல் தாண்டி வந்ததே. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாஃபோஸில் துணி கட்டி வேண்டிக்கொள்ளும் மரம் ஒன்று இருக்கிறது, அடுத்த ஞாயிறு போவோம் என்றார்.

துணி கட்டுவது எனக்கா தெரியாது? ஊரிலிருந்து கொண்டுபோன மஞ்சள் தூளில் ஒரு துண்டுத் துணியை நனைத்துக் காயவைத்துத் தயாராக இருந்தேன். ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து கும்பிட்ட குகையாம் அது. அதன் மேலே அந்த மரம். கிளை தெரியாமல் கைக்குட்டையும் கந்தலும் குழந்தைச் சட்டையும் தொங்கின. எங்கள் மலைச்சரிவு முனியாண்டி இங்கே எப்போது வந்து சேர்ந்தார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. துணியில் காசை முடிந்து, தம்பி பேரைச் சொல்லிக் கட்டினேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். யட்டியாந்தோட்டை பஸாரில் டெலிபோன் கடை வைத்திருந்த சிங்கள முதலாளிக்குத்தான் நான் மாதா மாதம் போன் எடுப்பேன், அவர் அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருப்பார். அன்று நான் ஹலோ சொல்வதற்குள் அவரே கத்தினார். "நங்கி! மல்லி ஆவா!" தம்பி வந்துவிட்டான்! அடுத்து அவன் குரல். "அக்கா, சாப்டியா?"

"அடப்பாவி, இவ்வளவு நாள் கழிச்சுக் கேக்குற கேள்வியாடா இது?" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதேன். மேடமும் என்னோடு சேர்ந்து அழுதார்.

அப்புறம் முடிச்சை அவிழ்க்க வேண்டுமே. எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. நினைத்தது நடந்தால், முடிந்தவளே போய் அவிழ்த்துக் காசை உண்டியலில் போட வேண்டும். மேடம் பதறிப்போனார். "இங்கே யாரும் அவிழ்க்கமாட்டார்கள். அது தானாக உக்கி உதிர்ந்து விழணும்." நான் விடவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாவிட்டால் எந்த ஊர்ச் சாமிக்கும் கோபம் வரும் என்று சண்டை பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் வெளுத்திருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். காசை அங்கிருந்த மெழுகுவர்த்திக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன்.

திரும்பினால், மேடம் மரத்தின் மறுபக்கத்தில் நின்றார். அங்கே ஒரு கிளை முழுக்க ஒரே மாதிரி வெள்ளைக் கைக்குட்டைகள், பழசும் புதுசும். யார் கட்டியவை என்று நான் கேட்கவில்லை. அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். "உன் முறைப்படி முடிந்து கொடு."

காசு வைத்து முடிந்து கொடுத்தேன். "நீங்கதான் கட்டணும் மேடம். கட்டுனவங்கதான் வந்து அவுக்கணும்."

அவர் வாங்கவில்லை. "அவன் வரும்போது நான் இருப்பேனோ தெரியாது. நீ சின்னவள். நீ கட்டு."

கட்டினேன். பிறகு விசா முடிந்து ஊருக்கு வந்தேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். பாஸ்போர்ட் முடியும்போதெல்லாம் கொழும்புக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவேன். "எங்கயும் போகாதவளுக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டு?" என்று மதினி கேட்பாள்.

ஒரு பையன் வர வேண்டியிருக்கிறது.