ஒரே பாட்டிலில் இரண்டு தவளைகள்

இரண்டு வகைத் தவளைகளை ஒரே பாட்டிலில் கொட்டி, ஒரே பெயரை ஒட்டினார்கள். அந்தத் தப்பு என் கண் முன்னால் நடந்தது. இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் லேப் அட்டெண்டர். எத்தனை முறை கை கழுவினாலும் சோற்றில், செத்த உயிர்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாடை அடிக்கும். படித்தது எட்டாவது. மற்றதெல்லாம் துறை நூலகத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தது.

பின்பக்கக் குட்டையில் தவளை பிடித்து வருவது என் வேலை. மழை விட்ட சாயங்காலம் போவேன். கரைப் புல்லில் இருப்பது 'டிக்... டிக்... டிக்' என்று விட்டு விட்டுக் கத்தும். தண்ணீரில் பாதி முங்கியிருப்பது 'ட்ர்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. கையில் எடுத்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று.

கத்துவது ஆண். தன் இனத்துக் குரலைத் தேடித்தான் பெண் போகும். 'ட்ர்ர்ர்' பக்கம் போன பெண், நடுவில் கத்திய 'டிக் டிக்'கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வேறு இனம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

புல்லில் பிடித்தவற்றின் காலில் சிவப்பு நூல் கட்டி, தனிப் பாட்டிலில் போட்டேன்.

துறைத் தலைவர் நீளம் அளந்தார். விரலிடைச் சவ்வைப் பார்த்தார்.

"ஏம்பா, எல்லாம் ஒண்ணுதானே. எதுக்கு ரெண்டு பாட்டில்?"

"சத்தம் வேற சார்."

"பாட்டில்ல கத்துதா? கால்ல நூல் வேற... திருவிழாவுக்குக் காப்பு கட்டினியா?"

லேபே சிரித்தது.

"சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் குட்டைக்கு வாங்க சார். நீங்களே கேளுங்க."

"எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சுப்பா."

நூலை வெட்டி, இரண்டையும் ஒன்றாகக் கொட்டச் சொன்னார். கொட்டியது என் கை.

பல வருஷம் கழித்து, போன மழைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி ரெக்கார்டரோடு அதே குட்டைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் இரண்டு குரலையும் படமாகக் காட்டினாள். ஒன்று வேலிக் கம்பு நட்டது மாதிரி, இன்னொன்று பாய் விரித்தது மாதிரி.

"ரெண்டு ஸ்பீஷிஸா இருக்கலாம் அங்கிள். டிஎன்ஏவும் பாக்கணும். ஆனா 'டிக் டிக்' இப்ப ரொம்பக் கம்மியா இருக்கு. பழைய ஸ்பெசிமன் ஏதாவது கிடைக்குமா?"

துறைக்குக் கூட்டிப்போய்ப் பாட்டிலைக் காட்டினேன். எல்லாம் வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

"இதுல எது எது அங்கிள்?"

என்னாலேயே சொல்ல முடியவில்லை.

நான் தவளை பிடித்த காலத்தில் குட்டை முழுக்கச் சத்தம். பதிவு செய்யக் கருவி இல்லை. இன்று எல்லார் சட்டைப்பையிலும் கருவி...

ஆகவே சொல்கிறேன். அந்த லேபிளில் 'இரண்டு வகை கலந்தது, பிரிக்க முடியவில்லை' என்று துறை எழுத வேண்டும். புல் கரையில் சிமென்ட் நடைபாதை போடப்போகிறதாம் கல்லூரி நிர்வாகம். அதைக் கைவிட வேண்டும். குட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இந்த மழைக்கு ஜன்னலைத் திறந்து, கேட்பதைப் போனில் பதிந்து அந்த மாணவிக்கு அனுப்ப வேண்டும்.

ஊரப்பாக்கத்தில் ஓய்வில் இருக்கும் துறைத் தலைவர் ஒரு சாயங்காலம் வர வேண்டும். பத்து நிமிஷம் போதும். ட்ரெயினுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன்.