மலைக்கு அடியில் தோண்டிய கிணறு

பால்சாமிக்குக் கோபமே வராது. பிடிவாதம்தான் வரும். கோபக்காரனோடு சண்டை போட்டாவது பார்க்கலாம், பிடிவாதக்காரனை என்ன செய்வது?

செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாறைக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் பால்சாமிக்கும் தம்பி செபாஸ்தியானுக்கும் பொதுவாகக் கொஞ்சம் நிலம். மழை பெய்தால் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, பெய்யாவிட்டால் ஜெபம். செபாஸ்தியான் கைப்பிள்ளையாக இருந்தபோதே தாய் போய்விட்டாள். அண்ணன்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தான். அந்தத் தம்பி மீசை முளைத்து, அறுபத்தைந்தாம் வருஷ வறட்சியில், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கெணறு போடலாம்ணா. இந்தக் கோடையில தண்ணி வரலன்னா நான் நெய்வேலி போயிடுவேன். அங்க சொரங்கத்துல ஆளு எடுக்கறாங்களாம்."

பால்சாமி தட்டை நகர்த்திவைத்தான். தம்பி இல்லாத வீட்டை அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கிணறு வெட்டுவது என்று முடிவாயிற்று. நிலத்தின் பள்ளத்தில், கோடையிலும் அருகம்புல் காயாத ஓர் இடத்தைச் செபாஸ்தியான் காட்டினான். அண்ணனும் தலையாட்டினான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இடையில் ஜினசேனன் வந்து சேர்ந்தார். மேல்சித்தாமூர்ச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை, மண்ணையும் கல்லையும் பற்றிப் பெரிய படிப்பு படித்து, வடக்கே எங்கோ அரசாங்க வேலையில் இருந்தவர். லீவில் வந்தவர் சும்மா இருக்காமல் சுத்தியலோடு குன்று குன்றாகத் தட்டிக்கொண்டு திரிந்தார்.

"இன்னா நயினாரே, ராஜா பொதச்ச பொன்னத் தேடறீங்களா?" என்று பால்சாமி கேட்டான்.

ஜினசேனன் பாறைமேல் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நிலத்துண்டும் நிலத்துண்டும் வந்து மோதியதாம். நிலம் நகரும் என்பதைப் பெரிய பெரிய ஆட்களே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, தனக்கு நம்பிக்கை உண்டு என்றார். மோதிய இடம் நெருக்கிக்கொண்டு பெரிய மலைவரிசையாக எழும்பியது. அடியில் சூட்டில் பாறை உருகிக் குழம்பாகி, வெடிப்பு வழியே மேலே ஏறியது. அது ஆறி இறுகியதுதான் இந்தக் கல்.

வாயைப் பிளந்து கேட்ட பால்சாமி ஒன்று கேட்டான்: "கீழ இருந்த கொழம்பு மேல ஏறிடுச்சின்னா, கீழ காலியாத்தான இருக்கும்?"

ஜினசேனன் சிரித்தார். ரோட்டில் பஸ் வருவது தெரிந்தது. "நல்லா கேட்டீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடிப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான் பால்சாமி. கூழை அள்ளினால் சட்டி காலி. மலைமேல் பெய்கிற மழையெல்லாம் பின்னே எங்கே போகிறது? அந்தக் காலி இடத்தில்தான் தேங்கிக் கிடக்கும். பாறையைக் குடைந்து இறங்கினால் வற்றாத தண்ணீர். இப்படிக் கணக்குப் போட்டு, குன்றின் காலடியிலேயே கடப்பாரையைப் போட்டான்.

"பள்ளத்துலயே போட்டுடலாம்ணா" என்று தம்பி கெஞ்சினான்.

"படிச்சவரு சொல்லியிருக்காருடா."

மாதா கோயில் சாமியாரை அழைத்து வந்து மந்திரித்துத்தான் தொடங்கினார்கள். மண் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே ஒரே பாறை. குழி போட்டு, மருந்து கெட்டித்து, வேட்டு வைத்தார்கள். பால்சாமியின் மனைவி ராயம்மாள் கூடையில் சல்லி சுமந்து தலையில் முடி கொட்டிப்போனாள். ஒவ்வொரு வேட்டுக்கும் புகை அடங்குமுன் பால்சாமி இறங்கிப் பாறையில் காதை வைத்துக் கேட்பான். செபாஸ்தியான் நம்பவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. எனக்கு வயிறு எரிவது அதை நினைத்தால்தான்.

கோடை முடிந்தது. கசிவுகூட இல்லை. செபாஸ்தியான் கடப்பாரையைச் சாத்திவைத்தான், குளித்தான், அண்ணியிடம் சொல்லிக்கொண்டு நெய்வேலிக்குப் போய்விட்டான். சண்டையில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பால்சாமிக்கு ஆறியிருக்கும்.

தண்ணீர் வந்தால் தம்பி திரும்பி வருவான் என்று அடுத்த கோடையிலும் வெட்டினான். அப்போதுதான் மறுபடி லீவில் வந்த ஜினசேனன் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இங்க யாருண்ணே வெட்டச் சொன்னது?"

"நீங்கதான் நயினாரே. கீழ காலின்னு."

அவர் சல்லிக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காலியெல்லாம் இல்லண்ணே. அந்தக் கொழம்பு வெளிய வரவே இல்ல. பூமிக்குள்ளயே ஆறிக் கல்லாயிடுச்சி. அது விட்டுட்டு வந்த எடத்தச் சுத்தியிருந்த பாறை நெருக்கி மூடிடும். மேல இருந்த பெரிய மலையெல்லாம் மழையில கரைஞ்சி போயிடுச்சி. நாம பாக்கறது அதோட அடி. எவ்ளோ வெட்டினாலும் இதே கல்லுதான்." குழியை மறுபடி பார்த்து, "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு எழுந்து நிலத்தைச் சுற்றிவந்து, இங்கே அடியில் கல் உளுத்து வெடித்திருக்கும், தண்ணீர் தங்கும், இங்கே போடுங்கள் என்று செபாஸ்தியான் காட்டிய அதே பள்ளத்தைக் காட்டினார்.

பள்ளத்தில் கடப்பாரை சுலபமாக இறங்கியது. பொங்கலுக்கு முன்பே இடுப்பளவு தண்ணீர். ராயம்மாள் அழுதாள். பால்சாமி ஆள் விட்டுத் தம்பிக்குச் சொல்லியனுப்பினான்.

செபாஸ்தியான் புது மனைவி மரியசெல்வியோடு வந்தான். குனிந்து அள்ளிக் குடித்தான். "நல்ல தண்ணிண்ணா."

"வந்துட்றா" என்றான் பால்சாமி.

"போன வருஷம் இது இருந்திருந்தா எங்க போயிருப்பேன்? இப்ப நிரந்தரம் பண்ணிட்டாங்க, குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க. என் பங்கையும் நீயே பாத்துக்கண்ணா." சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பொதுக் கிணற்றில் ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. பால்சாமி தன் முறையன்று மாடு கட்டி இறைப்பான். மறுநாள் கொட்டகையிலிருந்து மாட்டை அவிழ்க்கவே மாட்டான். பயிர் வாடும். கிணற்றில் தண்ணீர் நிறைந்து கிடக்கும்.

"அவருதான் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனாரே" என்பாள் ராயம்மாள்.

"இன்னிக்கு அவன் முறை" என்பான் பால்சாமி.