அம்மா பார்க்காத வெள்ளைச் சட்டை

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா என்று யாராவது வாதம் தொடங்கினால் நான் மெல்ல எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன். முப்பது வருஷம் படிப்பித்தவள், இதற்கு ஒரு பதில் சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். சீருடை போட்டால் ஏழை பணக்காரர் என்று தெரியாது என்பார் ஒருவர். தெரியும் ஐயா, நன்றாகத் தெரியும். கொலரைப் பார்த்தாலே வகுப்பாசிரியைக்கு எல்லாம் விளங்கிவிடும். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை உடுத்தட்டும் என்பார் இன்னொருவர். அந்தப் பேச்சும் எனக்கு ஒத்துவராது. எனக்குச் சீருடை என்றால் ஒரேயொரு சட்டைதான். அதைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். வெள்ளவத்தையில், காலி ஊருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பாதியில் நாங்கள் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி. ரயில் போகும்போது கோப்பைகள் ஆடும். அப்பா புறக்கோட்டையில் ஒரு கொம்பனியில் கிளாக். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நெருப்புக்காய்ச்சல் வந்து, பதினொரு நாளில் போய்விட்டார். செத்தவீட்டன்று என்னைப் பக்கத்து வீட்டில் விட்டு, கையில் பிஸ்கட் தட்டத்தையும் கொடுத்து, வெளியே வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. வெள்ளைச் சேலை உடுத்து மூலையில் இருந்தா. என்ன நடந்தது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவை நான் வேறு நிறத்தில் கண்டதில்லை. ஒழுங்கையில் கலியாணக் கார் வந்தால் தானாகவே உள்ளே போய்விடுவா. யாரும் போகச் சொல்லத் தேவையில்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டவர் அம்மாவின் தம்பி. கொட்டாஞ்சேனையில் குடும்பத்தோடு இருந்தார், புறக்கோட்டையில் வெங்காயம் மிளகாய் மொத்தக் கடை ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். நல்ல மனிசன், பொல்லாப்புச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் வந்தால் ஒரே பாட்டுத்தான்.

"அக்கா, பொம்பிளைப் பிள்ளை எழுத வாசிக்கப் பழகிட்டாள். இவ்வளவு காணும். படிப்பை மறிச்சுப்போட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்து இருங்கோ."

"அவள் எஸ்.எஸ்.ஸி. சோதினை பாஸ் பண்ணட்டும்," என்பா அம்மா.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவ என் அம்மா. எல்லாவற்றிலும் தம்பி சொன்னதற்குத் தலையாட்டியவ, இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை. ஒரு சாக்குக் கிடைத்தால் மாமா என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாக்கு என் பன்னிரண்டாவது வயதில் வந்தது. அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதையும் உடுத்துப் போகலாம். என்னிடம் ஒரு பச்சைக் கட்டம் போட்ட சட்டையும், ஒரு மஞ்சள் சட்டையும் இருந்தன. புதிதாக வந்த தலைமை ஆசிரியை, அடுத்த தவணையிலிருந்து எல்லோரும் வெள்ளைச் சட்டை என்று அறிவித்தா. பூ இருக்கக் கூடாது, கோடு இருக்கக் கூடாது, கரை இருக்கக் கூடாது. சுத்த வெள்ளை.

நான் துள்ளிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவ, கையை எடுக்காமல் அப்படியே இருந்தா.

"இந்த வீட்டில வெள்ளை உடுக்க நான் ஒருத்தி காணும். என்ர பிள்ளை வெள்ளையோட நிக்கிறதை என்ர கண்ணால பாக்கமாட்டன்."

"எல்லாரும்தானே அம்மா போடுகினம்!"

"எல்லாருக்கும் அப்பா இருக்கிறார்."

எனக்கு அது விளங்கவில்லை. பன்னிரண்டு வயதுக்காரிக்கு எதுதான் விளங்கும். அம்மா தன் வழியில் ஒரு சமாளிப்புச் செய்தா. எங்கிருந்தோ வெள்ளையில் சின்ன மஞ்சள் பூப்போட்ட துணி ஒன்று தேடி எடுத்து, தன் கையாலேயே ஒரு சட்டை தைத்துத் தந்தா. தூரத்தில் பார்த்தால் வெள்ளை மாதிரித்தான் இருக்கும் என்றா. தலைமை ஆசிரியை தூரத்தில் நின்று பார்க்கிற ஆள் இல்லை. கேற்றடியில் என்னை நிறுத்தி, முந்நூறு பிள்ளைகள் பார்க்க, "திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை. இல்லாட்டி வரவேண்டாம்," என்று திருப்பி அனுப்பினா. நான் அழுதுகொண்டு காலி வீதி முழுக்க நடந்து வந்தேன்.

உலக யுத்தச் சண்டைக் காலம். பிடவைக்கும் பங்கீட்டுக் கூப்பன். கால்வாய்க்கரை நெசவு மில்லின் சங்கு எங்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் கேட்கும், ஆனால் கடைகளில் வெள்ளைத் துணி இல்லை. அன்று அம்மா கோயிலுக்குப் போன நேரம் நான் பெட்டியைத் திறந்தேன். அடியில், அம்மாவின் சிவப்புக் கூறைச் சேலைக்குக் கீழே, மடிப்புக் குலையாத ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. பூ இல்லை, கோடு இல்லை, கரை இல்லை. தலைமை ஆசிரியை கேட்டது அப்படியே இருந்தது. அம்மா அதை உடுத்தி நான் கண்டதில்லை. உடுத்தாத சேலைதானே என்று நினைத்தேன். ஒரு கள்ளத்தனமும் எனக்குப் படவில்லை.

சந்தைப் பக்கத்துத் தையற்கடை முஸ்லிம் நானா சேலையை விரித்துப் பார்த்தார்.

"உம்மாக்குத் தெரியுமா புள்ள?"

"ஓம், அவதான் தந்தவ."

"மெல்லிசுத் துணி. ரெண்டாப் போட்டுத்தான் தைக்கோணும். முழுசும் போயிடும், பரவாயில்லயா?"

பரவாயில்லை என்றேன். சனிக்கிழமை பின்னேரம் சட்டையை வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் போய் நின்றேன். பேச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அடியும் விழலாம் என்று நினைத்தேன். அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தா. சட்டையின் ஓரத்தைப் பிடித்து விரலால் தடவினா. பிறகு எழுந்து குசினிக்குள் போனா. அடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஊதுகுழலை எடுத்து ஊதிக்கொண்டிருந்தா.

மறுநாள் ஞாயிறு. மாமா வந்தார். நான் பெருமை அடக்க மாட்டாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் காட்டினேன். மாமா கையைப் பிடித்து அருகில் இழுத்து, துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசினார். அவருடைய முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது நான் எடுத்த துணியெல்லே! தாலி கழட்டின அண்டைக்கு உங்களுக்கு நான் போத்த கோடியெல்லே இது! பிள்ளைக்கு இதையோ வெட்டித் தைச்சனீங்கள்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நேரம் என் அம்மாவின் தலையில் போர்த்த துணியை, விதவைக் கோலத்தின் முதல் துணியை, நான் நானாவிடம் கொடுத்துச் சட்டையாக வெட்டுவித்திருந்தேன். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அம்மா முந்திக்கொண்டா. "விசர்க் கதை கதையாதை. கோடி பெட்டிக்குள்ள கிடக்கு. இது கூப்பனுக்கு எடுத்தது."

"இல்லை அக்கா..."

"நான் என்ர பிள்ளைக்கு அதைப் போடுவனோ?"

அதற்கு மேல் மாமாவால் என்ன கேட்க முடியும்? தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் சட்டையும் போயிருக்கும், பள்ளிக்கூடமும் போயிருக்கும். நான் அழுதுகொண்டு சட்டையைக் கழற்றப் போனேன். அம்மா தடுத்தா.

"அழாதை. நாளைக்குப் பள்ளிக்கூடம்."

அன்று விளக்கு வைத்த பிறகு அம்மா பெட்டியைத் திறந்து தன் கூறைச் சேலையை எடுத்தா. கத்தரிக்கோலால் ஒரு விரல் அகலத்துக்கு அதன் ஓரத்தை வெட்டி, என் சட்டையின் கீழ் மடிப்புக்கு உள்ளே வைத்துத் தைத்தா. வெளியே தெரியாது. உள்ளே சுற்றிவரச் சிவப்பு. "இனி இது வெள்ளையில்லை," என்று தனக்குத்தானே சொன்னா. எனக்கும் மனசு கொஞ்சம் ஆறியது.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் விளையாட்டு மைதானத்தில் நான் தடுக்கி விழுந்தேன். சட்டை மடங்கி, சிவப்பு தெரிந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை வந்து பார்த்து, இதைப் பிரித்துப்போட்டு வா என்றா. வீட்டில் போய்ப் பிரிக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரே வெட்கம். பென்சில் சீவும் பிளேட்டை வாங்கி, வகுப்பு வாசலில் இருந்தே தையலைப் பிரித்தேன். அந்தச் சிவப்புத் துண்டைச் சுருட்டி அழுக்குத் தண்ணி ஓடும் கானுக்குள் எறிந்தேன். இதை எழுதும்போதும் என் கையை வெட்டிப்போட வேண்டும் போலிருக்கிறது.

அன்று பின்னேரம் சட்டை தோய்க்கும்போது அம்மா கண்டிருப்பா. அடுத்த நாளிலிருந்து அம்மாவின் வழக்கம் மாறியது. நான் வீட்டுச் சட்டையோடு இருக்கும்போதே தலை இழுத்து, பின்னல் போட்டு, சாப்பாடு கட்டித் தந்துவிடுவா. நான் வெள்ளைச் சட்டையை எடுத்தவுடன் குசினிக்குள் போய்விடுவா. "அம்மா, போயிட்டு வாறன்," என்றால், "ஓம், கவனம்," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். நான் வீடு திரும்பும் நேரம் வீட்டுச் சட்டை கொடியில் வாசல் பக்கமாகவே தொங்கும். அதை மாற்றினால்தான் அம்மாவின் முகம் வெளியே வரும். கண்ணால் பார்க்கமாட்டேன் என்று சொன்னதை அம்மா இப்படித்தான் காப்பாற்றினா.

சண்டை முடிந்தது. கடைகளுக்கு வெள்ளைத் துணி வந்தது. நான் வளர்ந்தேன், சட்டை மாறியது, அம்மா மாறவில்லை. எனக்கு மெல்ல மெல்லக் கோபம் வரத் தொடங்கியது. பரிசளிப்பு விழாவில் கணக்குக்கு முதற்பரிசு வாங்கினேன். அம்மா வரவில்லை. எல்லாரும் வெள்ளைதானே, நீங்கள் வந்து நின்றாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்று நான் சொன்னேன். அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். இப்படியும் ஒரு மகள்.

மூன்றாவது வருஷம் அம்மா நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தா. இனிக் குசினிக்குள் போக முடியாது. நான் குசினிக்குள் உடுத்திக்கொண்டு, புத்தகம் எடுக்க அறைக்குள் வருவேன். என் காலடி கேட்டதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவா. அந்த ஒரு திரும்பலுக்கே மூச்சு வாங்கும். பேசாமல் கண்ணை மூடுங்கோவன் அம்மா என்று ஒருநாள் கத்தினேன். மூடினாலும் தெரியுது பிள்ளை என்றா.

எஸ்.எஸ்.ஸி.க்கு ஒரு கிழமை இருந்தது. பின்னேரம், வீட்டுச் சட்டையோடு அம்மாவின் கட்டிலடியில் இருந்து கேத்திர கணிதம் செய்துகொண்டிருந்தேன். அம்மா கேட்டா:

"பிள்ளை, அந்தச் சட்டை உனக்கு எப்பிடி இருக்கும்?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. "எல்லாருக்கும் இருக்கிற மாதிரித்தான் அம்மா. அதுக்குத்தானே யூனிபோம்."



விடிந்து நான் குசினிக்குள் உடுத்திக்கொண்டு அறைக்குள் வந்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கண் திறந்து, வாசலைப் பார்த்தபடி, என்னைப் பார்த்தபடி படுத்திருந்தா. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மூன்று வருஷம்! நேற்று அப்படிச் சொல்லிவிட்டேனே என்றும் இருந்தது. இடுப்புப் பட்டியை இழுத்துச் சரி செய்தேன். சட்டையைத் தட்டிவிட்டேன். பின்பக்கமும் தெரியட்டும் என்று ஒருதரம் சுற்றி நின்றேன்.

"எப்பிடி அம்மா? நல்லா இருக்கோ?"

இரண்டாம் தரமும் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கக் கிட்டப் போனபோதுதான் அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

என்னைப் பார்க்கத்தான் அம்மா இந்தப் பக்கம் திரும்பினாவா, நான் வருவதற்குள் உயிர் போய்விட்டதா, அல்லது நோவில் உடம்பு தானாகத் திரும்பியதா, எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது?

மாமா வந்தார். ஒழுங்கைச் சனமும் வந்தது. நான் அம்மாவின் தலைமாட்டில் அப்படியே இருந்தேன். உள்ளே வந்த பெண்களில் ஒருத்தி என்னைக் கண்டு, "பாவம், பிள்ளை அதுக்குள்ள வெள்ளையும் மாத்தி உடுத்திட்டுது," என்று மற்றவளிடம் சொன்னாள்.

நான் ஒன்றும் மாற்றி உடுத்தவில்லை. அன்று பள்ளிக்கூடம் இருந்தது.