பரப்பு என்ற கட்டம்

இலையை நுனியிலிருந்து காம்புக்குத்தான் வருடுவார். காம்பிலிருந்து நுனிக்கு வருடினால் முள் படுத்துக்கொள்ளுமாம். "தடவிக் கொடுத்தா எல்லாரும் சாதுதான் தம்பி. எதிர்த்துத் தடவினாத்தான் சுயரூபம் தெரியும்" என்பார் என்னிடம். தாவர ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. உலர்ந்த செடிகளை அட்டையில் தைத்து, அதன் தன்மைகளைச் சீட்டில் குறிப்பது வேலை. 'பரப்பு' என்ற கட்டத்தை இருபத்தாறு வருடமாக வேறு யாரும் நிரப்பியதில்லை.

குட்டிக்குட்டிக் கூர்முனைகள் மண்டிய பரப்புக்கு, இலையானாலும் சங்கின் ஓடானாலும், புத்தகத்தில் 'மியூரிகேட்' என்று பெயர். அக்கா அதைச் சீட்டில் ஒழுங்காக எழுதுவார். வாயில் மட்டும் வராது. அவர் பேச்சில் இருப்பவை பூனை நாக்கு, உப்புத்தாள், ரெண்டு நாள் தாடி. மூன்றாவதைச் சொல்லும்போது வீட்டுக்காரரை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பார். கடைக்குப் போனால் மட்டும் கை சும்மா இருக்குமா? துண்டு, பை, பக்கத்தில் நிற்பவரின் சட்டைக் கை என்று தொட்டுப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

நுண்ணோக்கியில் படம் எடுக்கும் கேமராக்காரருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "உங்க மிஷின் பார்க்கும், சரி. அதுக்கு உறுத்துமா?" என்று கேட்டே அந்த மனிதரைப் பத்து வருடமாக ஓட்டியிருக்கிறார்.

சென்ற வாரம் கேமராக்காரர் ஓர் அட்டையோடு வந்தார். சீட்டில் அக்காவின் கையெழுத்து: 'வழவழப்பு'. அவர் எடுத்த படத்திலோ வரிசை வரிசையாகக் கூர்முனைகள். துறைத் தலைவரிடம் போகாமல் நேரே இங்கே வந்தாரே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா படத்தைப் பார்த்தார். இலையை வருடினார். மறுபடியும் வருடினார். எதிர்த்துத்தான் வருடினார், என் மேஜையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

"சர்க்கரைங்க. மூணு மாசமா விரல் மரத்துக் கிடக்கு. தெரிஞ்சா இந்த மேஜை போயிடும்னு வாயைத் திறக்கல" என்றார். குரலில் தழுதழுப்பு இல்லை. மூன்று மாதத்தில் நூற்றுப்பத்து அட்டைகள், எல்லாம் குத்துமதிப்பு. எங்கெங்கோ இருப்பவர்கள் அந்தச் சீட்டை நம்பித்தான் இது இன்ன செடி என்று முடிவு செய்கிறார்கள்.

"விடுங்க, இது ஒண்ணை மட்டும் மாத்திடலாம். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் கேமராக்காரர், குரலைத் தாழ்த்தி.

"ஒண்ணு இல்லையே" என்றார் அக்கா.

அலமாரியைத் திறந்து நூற்றுப்பத்தையும் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து மேஜையில் அடுக்கினார். முதல் அட்டையைப் பிரித்தார். சீட்டில் தான் எழுதியிருந்ததை அழித்தார். பிறகு கேமராக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து, அவருடைய ஆள்காட்டி விரலை இலைமேல் வைத்துவிட்டு, பென்சிலோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.