எட்டாவது டிவிடி

என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனார். மகளுக்கு அப்போது நாலு மாதம். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு கோவளம் பக்கத்துக் குப்பத்தை விட்டு ஊரப்பாக்கம் வந்தோம். நான் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். மகள் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் போட்டோ ஒன்று அவளிடம் இருக்கிறது. வேறு இல்லை.

போன வருஷம் ஒருநாள் கேட்டாள். "அப்பா எப்டிம்மா பேசும்?"

அவர் சொன்னதெல்லாம் சொன்னேன். பேச்சு ஞாபகம் இருந்தது. குரல் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் என் குரலிலேயே பேசினார். அதை அவளிடம் சொல்லவில்லை. "நல்லா பேசும்" என்றேன்.

அவள் வயிற்றில் இருந்தபோது எங்கள் குப்பத்தில் ஒரு டிவி சீரியல் ஷூட்டிங் நடந்தது. ஹீரோவுக்கு மீன்பிடிக்கிற வேஷம். படகு தள்ளத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு அதே கலர் சட்டை மாட்டி, முதுகை மட்டும் எடுத்தார்கள். பத்து நாள் வேலை. இதை மகளுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். அவள் அதை விடவில்லை. அந்த சீரியலை டிவிடியாக விற்றிருக்கிறார்கள். எங்கோ பழைய கடையில் தேடி வாங்கி வந்துவிட்டாள். எட்டு டிவிடி.

போட்டுப் பார்க்க எங்களிடம் மெஷின் இல்லை. மாடியில் இருக்கிற வீட்டு ஓனர் அக்கா வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேலே போனோம்.

"இத்தினி வருசம் கழிச்சி சீரியலா? அந்த மாமியார் செத்துட்டாளாடி?" என்றார் அக்கா.

"சீரியல் வேணாம் ஆன்ட்டி. எட்டாவது மட்டும் போடுங்க. அதுலதான் எக்ஸ்ட்ரா இருக்கு. ஷூட்டிங் எடுத்ததெல்லாம் வரும்."

முதலில் வந்தது படகுக் காட்சிதான். ஆனால் அதன் மேல் டைரக்டர் பேசிக்கொண்டே இருந்தார். ஹீரோ உயிரைப் பணயம் வைத்துத் தானே படகைத் தள்ளினார் என்றார்.

"பொய்யி! அது எங்கப்பா முதுகு!" என்று மகள் எழுந்துவிட்டாள்.

"உக்காருடி, மறைக்குது" என்றார் அக்கா.

அடுத்தது ஷூட்டிங் நடந்த விதம். நன்றாக எடுத்திருந்தார்கள். அவர் முகமே வந்தது. கேமராக்காரரிடம் கையை நீட்டி அலையைக் காட்டி ஏதோ சொல்கிறார். வாய் அசைகிறது. மேலே பாட்டு. வீணையும் புல்லாங்குழலும். மகள் சத்தத்தைக் கூட்டினாள். வீணைதான் கூடியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணுதாம்மா இருக்கு. தப்பா எடுத்த காட்சியாம். காமெடிக்கு."

"போடு."

அது நன்றாக எடுத்ததே இல்லை. படம் மங்கல். ஓரத்தில் நம்பர் ஓடியது. காற்று மைக்கில் மோதி இரைந்தது. நடிகர்கள் வசனம் மறந்தார்கள், ஒரு அம்மா வழுக்கி விழுந்தார். ஒவ்வொன்றுக்கும் பின்னால், பிறகு சேர்த்த ஒட்டுச் சிரிப்பு. பிறகு எங்கள் கரை வந்தது. ஹீரோ படகில் ஏற வேண்டும். என் வீட்டுக்காரர் படகுக்குப் பின்னால் குனிந்து கயிற்றைப் பிடித்திருக்கிறார், கேமராவில் தெரியக்கூடாது. ஹீரோ காலைத் தூக்கினார். காலில் செருப்பு.

எங்களில் யாரும் செருப்புக் காலோடு படகு ஏறமாட்டோம். சோறு போடுகிற இடம்.

கயிற்றை விட்டுவிட்டு நேராக எழுந்து நின்றார்.

"சார்! செருப்ப கயட்டு சார்! போட்ல செருப்பு போட்டுக்கினு ஏறுவியா நீ? வலை கீது, கண்ணு தெரில?"

யாரோ கட் என்று கத்தினார்கள். ஒட்டுச் சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். அவர் அப்படித்தான்.

பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது. வலப்பக்கம் திரும்பினார். கேமரா அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

"நீ இன்னாத்துக்குமே சிரிக்கிற?" என்றார்.

அன்று அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். ஐந்து மாத வயிற்றோடு, கையில் தூக்குப் பாத்திரத்தோடு. மறந்தே போயிருந்தேன். என்னைத்தான் கேட்டார்.

மகளிடம் சொன்னேன்.

"இவ்ளோ கீச்சுக் குரலாம்மா அப்பாக்கு?"

"ஆமா. கீச்சுக் குரல்தான். அலை மேல இருந்து கூப்ட்டா கரைக்குக் கேக்கும்."

"நான் பெருசா, கணீர்னு இருக்கும்னு நெனச்சேன்."

"நானே மறந்துட்டேன்" என்றேன். அப்போதுதான் அதைச் சொல்ல முடிந்தது.

அவள் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். அவர் மறுபடி எழுந்தார், கத்தினார், வெட்கப்பட்டார், திரும்பினார்.

"நீ இன்னாத்துக்குமே சிரிக்கிற?"

"சும்மாதாம்பா" என்றாள் மகள், டிவியைப் பார்த்து.