அவுட் கொடுக்காத நடுவர்

அந்த நாட்களில் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் காதுக்குள் ஓர் இருமல் கேட்கும். கொரோனா எச்சரிக்கை அறிவிப்பு அப்படித்தான் ஆரம்பிக்கும். யார் பெற்ற பிள்ளையோ, நாட்டுக்கே சேர்த்து இருமிக்கொண்டிருந்தான். என் தங்கை அதை அச்சு அசலாக இருமிக் காட்ட, மன்னார்குடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரைத் தெரு ஒன்றில் அடைபட்டுக் கிடந்த நாங்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான் ‘லொக்கு’ விளையாட்டு. கண்டுபிடித்தவளும் நான், நடுவரும் நான்; வயது பதின்மூன்று, வாய் மட்டும் முப்பது.

மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை யார் இருமினாலும், தும்மினாலும், தொண்டையைச் செருமினாலும் ‘அவுட்’. அவுட்டானவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரம் ‘தனிமை’யில் இருக்கவேண்டும், தண்ணீர் கேட்டால் சொம்பை ஒட்டடைக் கம்பால் தள்ளித்தான் கொடுப்போம். “வெளங்குமா இது? வெளையாட வேற வெளையாட்டே கெடைக்கலையா ஒங்களுக்கு?” என்று அம்மா திட்டுவாள். ஆனால் எங்களைத் தோற்கடிப்பதற்காகவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காய்ந்த எண்ணெயில் மிளகாயைக் கிள்ளிப் போட்டு வீடெல்லாம் நெடி கிளப்பியவளும் அவள்தான்.

அப்பா மினி பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பி நாங்கள் தூங்கிய பிறகு வருகிற மனிதர் பகலெல்லாம் வீட்டில் இருந்தது எங்களுக்குத் தினமும் தீபாவளியாக இருந்தது. மிளகாய் நெடியிலும் கண்ணில் நீர் கோக்க, முகம் சிவக்க, அசையாமல் உட்கார்ந்திருப்பார். “டிரைவர் தொண்டடி இது, எத்தன ஊருப் புழுதியப் பாத்துருக்கு!” என்பார். கொட்டகைக்கு ஒரு நாள்கூடப் போகாதவர் அவர் ஒருவர்தான்.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த வாரம், காய்ந்த துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். குளியலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக அப்பா இருமிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

“பாப்பா, அவுட் குடுத்துடாதடா. அம்மாகிட்டயும் சொல்லாத. பஸ் ஓட ஆரம்பிச்சதும் ஒன்ன எம் பக்கத்துலயே ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம்! அடுத்த நான்கு நாளும் அவர் கொல்லைப்பக்கம் எழுந்து போகும்போதெல்லாம் நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். “காதென்ன செவிடாடி?” என்று அம்மா கத்துவாள், திரும்பி வரும் அப்பா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணடிப்பார். விளையாட்டுக்காகத்தான் மறைத்தாரா, விஷயம் வெளியே தெரிந்தால் தெருவுக்கே தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலையில் மூச்சு வாங்காமல் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, அவரே நடந்து போய் ஏறினார், அம்மாவும் கூடப் போனாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நாள் போனில் பேசினார், மூன்றாம் நாள் இறந்துபோனார். வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. நானும் தங்கையும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். மாட்டை விற்றுக் கொட்டகையைப் பிரித்தாயிற்று. எங்கள் வீட்டில் யாரும் எந்த விளையாட்டும் ஆடுவதில்லை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உறவினர் யாராவது வந்து அப்பாவைப் பற்றிக் கேட்டால், அம்மா இன்றும் ஆற்றாமையோடு சொல்கிறாள்: “இருமல் எத்தன நாளா இருக்குன்னு டாக்டர் கேட்டாருங்க. இருமலே கெடையாதுங்கன்னு அடிச்சுச் சொன்னேன். முன்னாடியே கூட்டியாந்துருந்தா காப்பாத்திருக்கலாம்ங்குறாரு. வீட்டுலயேதான இருந்தாங்க, எனக்குத் தெரியாமப் போயிருமா?” பிறகு என் பக்கம் திரும்புவாள். “நீ சொல்லேன்டி, நீதான எப்பவும் அப்பா பக்கத்துலயே இருந்த. ஒரு தடவையாவது இருமுனாங்களா?”

“இல்லம்மா” என்கிறேன். என்றாவது ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று முன்பெல்லாம் நினைத்துக்கொள்வேன். இப்போது அப்படி நினைப்பதும் இல்லை.