கல் வைக்க மறந்த ஷெத்தே

மலையடிவாரத்து அல்வானியில் ஷெத்தேயைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் ஜீப்பின் உறுமலைத் தெரியாதவர்கள் கிடையாது. பட்டாளத்திலிருந்து திரும்பிய கையோடு வாங்கிய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் பின்கதவு வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். கோடையில் மலைமேல் இருக்கும் ஓமலோவுக்கு ஆட்களையும் மாவு மூட்டைகளையும் ஏற்றிப் போவான். பனி விழுந்து மலைப்பாதை அடைபட்டதும் வண்டியைக் கீழே கொட்டகையில் போட்டுவிட்டு, அடுத்த கோடையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். பெண் கொடுக்க வந்தவர்களிடம்கூட பானட்டைத் திறந்து இன்ஜினைக் காட்டிக்கொண்டிருந்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. பொய்ப் பேச்சு இல்லை. ஐம்பதைத் தொட்டும் தனிக்கட்டையாக இருந்தான்.

அவனுக்கு ஒரு பிடிவாதம். வண்டியை நிறுத்தி வைத்தால் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மாசக்கணக்கில் ஈரத்தில் நின்றால் பிரேக் துருவேறிப் பிடித்துக்கொள்ளும் என்பான். கல் வைக்காத டிரைவர் யாராவது கண்ணில் பட்டால், அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

போன வருஷக் கடைசிப் பயணத்தில் மாப்வாலாவைக் கீழே கொண்டுவந்து விட்டான். ஓமலோவில் தங்கும் விடுதி நடத்துகிறவள், வாய்த்துடுக்குக்காரி. அவள் வீட்டு வாசலில், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டான்.

அவள் சிரித்தாள். "உன் மனசுல ஜீப்புதான் காலை நீட்டிப் படுத்திருக்கு! நான் எங்க உக்கார்றது? பாதை திறக்கட்டும். முதல் வண்டியில வரேன். ஓமலோ போய்ச் சேர்றதுக்குள்ள பதில் சொல்றேன்."

குளிர்காலம் முழுக்க அந்தப் பதிலுக்காகவே காத்துக்கிடந்தான், பாவம்.

பாதை திறந்தது. முன்சீட்டில் மாப்வாலா. பின்னால் அவளுடைய தாரோ அத்தையும், பாலாடைக்கட்டி வியாபாரி கோகியாவும். பாதி மலை ஏறுவதற்குள் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் முன்னேறவில்லை. பின்பக்கமிருந்து தீய்ந்த வாடை வேறு.

தாரோ அத்தை மூக்கைச் சுளித்தாள். "எவனோ பன்னிக்கறி கொண்டு வந்திருக்கான்! உண்மையைச் சொல்லுங்க, யாரு?"

அந்த மலைக்குப் பன்றி ஆகாது. மேலே இருக்கும் தெய்வங்கள் பொறுக்க மாட்டார்கள். அந்தப் பாதையில் வண்டி மக்கர் பண்ணினால் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்ப்பார்கள். ஷெத்தேயும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். கோகியாவின் முகம் வெளுத்திருந்தது.

"ஒரே ஒரு துண்டு கொழுப்பு, அத்தை. ரொட்டிக்குத் தொட்டுக்க..."

"நாசமாப் போறவனே! எங்களைப் பள்ளத்துல தள்ளப் பாத்தியா?"

கொழுப்புத் துண்டு நரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தை மலையைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் நிம்மதியாக ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி அப்போதும் முக்கி முக்கித்தான் நகர்ந்தது.

அப்புறம்தான் ஷெத்தேக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். ஒரு சின்ன இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பார்த்தான். உருள வேண்டிய வண்டி நட்டுவைத்தது போல நின்றது. இறங்கி முன்சக்கரத்தைத் தொட்டான், சில்லென்றிருந்தது. பின்சக்கரத்து பிரேக் டிரம்மில் எச்சில் துப்பினான். சுர்ரென்றது. அந்தப் பக்கமும் அதே கதைதான்.

"பின் பிரேக் ரெண்டும் பிடிச்சிருக்கு" என்றான். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினான். டிரம் சூடு தணியட்டும் என்று காத்திருந்து, விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு, கட்டை கொடுத்துச் சுத்தியலால் தட்டினான். வெகுநேரம் முரண்டு பிடித்த டிரம் பொலபொலவென்று செந்துரு கொட்டக் கழன்று வந்தது. காலால் மிதிக்கும் பிரேக்கில் குறையே இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிள்தான் உறைக்குள் துருவேறி, பாதி இழுத்த நிலையிலேயே இறுகியிருந்தது. அதனால் உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூக்கள் டிரம்மை விட்டு விலகவே இல்லை. மற்றப் பக்கத்து டிரம்மையும் அப்படியே கழற்றி, கேபிளை இரண்டு பக்கமும் விடுவித்துக் கம்பியால் ஒதுக்கிக் கட்டினான்.

"மண்ணெண்ணெய் பட்டிருக்கும், பிரேக் வழுக்கும். துடைக்கணும். கோகியா, உன் திராட்சைச் சாராயத்தைக் குடு."

"அண்ணே, அது நாலு வருஷச் சரக்கு!"

"பன்னிக் கொழுப்புக்குப் பரிகாரம்னு நினைச்சுக்கடா."

சாராயத்தால் டிரம் குளித்தது. கோகியா அழாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்வாலா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெத்தே, ஹேண்ட் பிரேக் போட்டவன் தலையில இடி விழும்னு ஊரெல்லாம் சொல்லித் திரிவியே. இதை யாரு போட்டது?"

"அது... மழை ஈரம்..."

"மழையா வந்து இழுத்துச்சு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அன்று காலையிலிருந்து அவன் அந்த ஹேண்ட் பிரேக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. கொட்டகையில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததுமே ஹேண்ட் பிரேக் தூக்கி நிற்பதைப் பார்த்துவிட்டான். இறக்கிவிட்டான், சரியாகிவிட்டது என்று நம்பினான்.

"நான்தான் போட்டேன்" என்றான், கையிலிருந்த துருவைப் பார்த்துக்கொண்டே. "உன்னை வாசல்ல இறக்கிவிட்டேன்ல, அன்னிக்கு. வீட்டுக்கு எப்படி வந்தேன்னே தெரியல. வண்டிய நிறுத்தினேன், இழுத்தேன், போயிட்டேன். கல்லு வைக்கல. அப்புறம் பாதை திறக்கிற வரைக்கும் அந்தக் கொட்டகைப் பக்கமே எட்டிப் பாக்கல."

தாரோ அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்வாலா சிரிக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

சக்கரங்களை மாட்டிக் கிளப்பியதும் ஜீப் கன்றுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டு ஏறியது. கணவாய் தாண்டியது, அவள் பதில் வரவில்லை. ஓமலோவின் பழைய காவல் கோபுரங்கள் தெரிந்தன, அப்போதும் வரவில்லை. உளறிக் கெடுத்துவிட்டோமே என்று ஷெத்தே தன்னையே நொந்துகொண்டான். விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

மாப்வாலா இறங்கினாள். வேலியோரம் குனிந்து ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து, பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துக் காலால் ஒரு உதை விட்டாள்.

"இனிமே கல்லு வைக்கிறது என் வேலை. உன்னை நம்பினா பள்ளத்துலதான் கிடக்கணும்."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

பின்னாலிருந்து தாரோ அத்தை ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏய் மாப்பிள்ளை! அழுதது போதும், வந்து கதவைத் திறடா. எனக்கு இடுப்பு ஒடியுது!"